சோயா, அணை, காந்தம்: சீனாவின் வெளியுறவைத் தீர்மானிக்கும் சுற்றுச்சூழல் நெருக்கடி!

2025-ம் ஆண்டில் வந்த மூன்று செய்திகளை நினைவுபடுத்திக்கொள்வோம்.

ஏப்ரல்: மின்சார வாகன மோட்டாருக்குத் தேவையான அரிய மண் தனிமங்கள், காந்தங்கள் ஏற்றுமதிக்கு சீனா கட்டுப்பாடு விதித்தது. அடுத்த சில வாரங்களில் ஜப்பான் முதல் அமெரிக்கா வரை கார் ஆலைகள் திணறின.

ஜூலை: அருணாச்சலப் பிரதேச எல்லைக்கு அருகே, திபெத்தின் மெடோக் பகுதியில், உலகின் மிகப்பெரிய நீர்மின் திட்டத்தைச் சீனப் பிரதமர் லி கியாங் தொடங்கிவைத்தார். ஆறு எது தெரியுமா? நாம் பிரம்மபுத்திரா என்று சொல்கிற அதே ஆறுதான்.

செப்டம்பர்: அமெரிக்காவில் சோயா அறுவடை தொடங்கும் மாதம். அந்த மாதம் அமெரிக்காவிலிருந்து சீனா இறக்குமதி செய்த சோயாவின் அளவு பூஜ்யம்.

ஒன்று வர்த்தகச் செய்தி, இன்னொன்று எல்லைச் செய்தி, மற்றொன்று விவசாயச் செய்தி. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும். ஆனால் மூன்றையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். அது சீனாவின் மண், தண்ணீர், காற்று.

பிரச்னையின் ஆரம்பம் எங்கே?

உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் சீனர். ஆனால் உலகின் நன்னீரில் சீனாவிடம் இருப்பது சுமார் 6 சதவிகிதம்தான். விளைநிலத்தில் 10 சதவிகிதத்துக்கும் குறைவு. அந்தக் கொஞ்சமும் சமமாகப் பரவியிருக்கவில்லை. விளைநிலத்தில் பாதிக்கும் மேல் வடக்கில் இருக்கிறது. தண்ணீரோ பெரும்பாலும் தெற்கில் இருக்கிறது.

இதைச் சரிசெய்ய சீனா என்னென்னமோ செய்து பார்த்துவிட்டது. தெற்கு ஆறுகளின் தண்ணீரை வடக்குக்குக் கொண்டுபோகலாம் என்ற யோசனையை மாவோ 1952-லேயே சொன்னார். 2014 டிசம்பரில் அந்தத் திட்டத்தின் மத்தியக் கால்வாய் 1,400 கிலோமீட்டருக்கு மேல் ஓடி பெய்ஜிங் வந்து சேர்ந்தது. இன்று தலைநகரின் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி அந்தக் கால்வாய்த் தண்ணீர்தான்.

மண்ணின் கதை இன்னும் மோசம். நாடு முழுக்க நடத்திய மண் பரிசோதனை முடிவுகளைக் கேட்டபோது, 2013-ல் அதை 'அரசு ரகசியம்' என்றது சீன அரசு. எதிர்ப்பு கிளம்பியதால் 2014-ல் சுருக்கத்தை வெளியிட்டார்கள். விளைநில மாதிரிகளில் 19.4 சதவிகிதம் மாசு வரம்பைத் தாண்டியிருந்தது. அதாவது, ஐந்தில் ஒன்று.

இதில் வெறும் பொருளாதாரம் மட்டும் இல்லை. 1959 முதல் 1961 வரையிலான பஞ்சத்தில் கோடிக்கணக்கானவர்கள் இறந்த நாடு அது. 'சாப்பாட்டுக்கு இன்னொரு நாட்டின் கையை எதிர்பார்த்து நிற்கக் கூடாது' என்பது எந்த சீனத் தலைவருக்கும் அடிவயிற்றில் இருக்கும் பயம்.

சோயாவில் ஒளிந்திருக்கும் தண்ணீர்

எல்லாவற்றையும் உள்ளூரில் விளைவிக்க முடியாது என்று தெரிந்ததும் சீனா ஒரு முடிவெடுத்தது. மனிதர்கள் நேரடியாகச் சாப்பிடும் அரிசியையும் கோதுமையையும் சொந்த மண்ணிலேயே விளைவிப்பது. பன்றிக்கும் கோழிக்கும் தீவனமாகும் சோயாவை வெளியிலிருந்து வாங்குவது. 1990-களின் நடுவில் தொடங்கிய இந்த மாற்றம் இன்று உலக வரைபடத்தையே மாற்றியிருக்கிறது. சீனா இப்போது ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் சோயா இறக்குமதி செய்கிறது. உலகில் கப்பலேறும் சோயாவில் பாதிக்கும் மேல் போய் இறங்குவது சீனத் துறைமுகங்களில்தான்.

ஒரு டன் சோயா விளைய உலக சராசரியாக 20 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அப்படியானால் 10 கோடி டன்னுக்கு? எழுபதுக்கும் மேற்பட்ட மேட்டூர் அணைகளை நிரப்பும் தண்ணீர்! அதில் பெரும்பகுதி பிரேசிலில் பெய்யும் மழை. தானியத்துக்குள் ஒளிந்து நாடு விட்டு நாடு போகும் இந்தத் தண்ணீருக்கு 'மறைநீர்' என்று பெயர். பிரிட்டன் ஆய்வாளர் டோனி ஆலன் முன்வைத்த கருத்து இது. இவ்வளவு சோயாவையும் சீனாவிலேயே விளைவிப்பதென்றால், அந்நாட்டின் விளைநிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதற்கே ஒதுக்க வேண்டியிருக்கும்.

சரி, வெளியுறவு இதில் எங்கே வருகிறது?

2018-ல் அமெரிக்கா வரி விதித்தபோது, பதிலடியாக சீனா 25 சதவிகித வரி போட்ட பொருள்களில் முக்கியமானது சோயா. அப்போதிருந்தே பிரேசில் பக்கம் சாய்வது வேகமெடுத்தது. இன்று சீனா வாங்கும் சோயாவில் சுமார் 70 சதவிகிதம் பிரேசிலிலிருந்து வருகிறது. 2024 நவம்பரில் பெரு நாட்டின் சான்காய் துறைமுகத்தைச் சீன அதிபர் ஷி ஜின்பிங் திறந்துவைத்தார். அதில் 60 சதவிகிதப் பங்கு சீன அரசு நிறுவனமான காஸ்கோவிடம் இருக்கிறது. தென் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையே பசிபிக் வழியாக நேர்வழி போட்டுக்கொள்வதுதான் நோக்கம்.

பிரேசிலும் இந்த உறவை உதற முடியாது. 2018 தேர்தலில் 'சீனா பிரேசிலையே வாங்கப் பார்க்கிறது' என்ற ரீதியில் பேசிய ஜெய்ர் போல்சனாரோ, அதிபரான பிறகு 2019 அக்டோபரில் பெய்ஜிங்குக்கே போய்க் கைகுலுக்கினார். பிரேசிலின் மிகப்பெரிய வாடிக்கையாளர் யார் என்ற கேள்விதான் காரணம்.

2025-ல் அமெரிக்காவுடன் மறுபடி வரிப்போர் வந்தபோது சீனாவுக்குப் பதற்றம் குறைவாக இருந்ததும் இதனால்தான். அமெரிக்கா ஏற்றுமதி செய்யும் சோயாவில் ஏறக்குறைய பாதியை வாங்கிவந்த நாடு, மாதக்கணக்கில் ஆர்டரே கொடுக்காமல் இருந்தது. அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசான் நகரில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்ததையொட்டித்தான் கொள்முதல் திரும்பத் தொடங்கியது. ஒரு காலத்தில் பலவீனமாக இருந்த தண்ணீர்ப் பற்றாக்குறை, வாங்கும் இடத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்ததும் பேரம் பேசும் பலமாக மாறிவிட்டது.

இதற்கு விலை கொடுப்பது யார்? பிரேசிலின் செராடோ புல்வெளிக் காடுகள். சோயா வயல்களுக்காக அவை தொடர்ந்து அழிக்கப்பட்டுவருகின்றன.

மேல்மடையில் உட்கார்ந்திருக்கும் நாடு

வாங்கும் இடத்தில் கைகுலுக்கும் சீனா, ஆற்றின் விஷயத்தில் வேறு மாதிரி. ஏனென்றால் அங்கே சீனா மேல்மடை. மீகாங், சல்வீன், பிரம்மபுத்திரா, சிந்து, சட்லஜ் எல்லாம் திபெத் பீடபூமியில் பிறந்து பக்கத்து நாடுகளுக்குள் நுழைகின்றன. மேல்மடைக்காரர் மதகைத் திறக்கும்வரை காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை டெல்டாவின் கடைமடை விவசாயியிடம் கேட்டால் சொல்வார்.

சர்வதேச ஆறுகளைப் பகிர்வது குறித்த ஐ.நா. உடன்படிக்கை 1997-ல் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிர்த்து ஓட்டுப்போட்ட நாடுகள் மூன்றே மூன்று: சீனா, துருக்கி, புருண்டி. இந்தியா அந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கிவிட்டது. பாகிஸ்தானுக்கும் வங்கதேசத்துக்கும் நாமும் மேல்மடைதானே!

மீகாங்கில் என்ன நடந்தது என்று பாருங்கள். சீனப் பகுதியில் முக்கிய ஆற்றின் மேல் பத்துக்கும் அதிகமான அணைகள் இருக்கின்றன. கீழே மியான்மர், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம். கீழ்ப்படுகையின் நான்கு நாடுகள் சேர்ந்து 1995-ல் அமைத்த மீகாங் நதி ஆணையத்தில் சீனா உறுப்பினர் கிடையாது. பேச்சுவார்த்தைக் கூட்டாளி மட்டும்தான். 2016 மார்ச்சில் வியட்நாம் டெல்டா கடும் வறட்சியில் தவித்தபோது, சீனா தன் ஜிங்ஹாங் அணையைத் திறந்து தண்ணீர் விட்டது. அதே மாதம், தன் தலைமையில் 'லான்சாங்-மீகாங் ஒத்துழைப்பு' என்ற புதிய அமைப்பின் முதல் உச்சி மாநாட்டையும் நடத்தியது. உரிமையாகக் கேட்க வேண்டிய தண்ணீர் உதவியாக வந்தால், வாங்குபவர் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது இல்லையா? ராஜதந்திரம் அந்த இடத்தில்தான் நுழைகிறது. 2020-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று, சீன அணைகள்தான் தண்ணீரைப் பிடித்துவைத்து வறட்சியை மோசமாக்கின என்றது. சீனா மறுத்தது. ஆனால் அதே ஆண்டில், ஆண்டு முழுவதும் நீர்வரத்துத் தகவல்களைத் தர ஒப்புக்கொண்டது. வெளியில் எழும் சத்தத்துக்கும் கொஞ்சம் பலன் உண்டு என்பதற்கு இது உதாரணம்.

இப்போது மெடோக். ஆறு இமயமலையைச் சுற்றிக்கொண்டு திரும்பும் பெரு வளைவில், 50 கிலோமீட்டர் தூரத்துக்குள் சுமார் 2,000 மீட்டர் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தைப் பயன்படுத்தி ஆண்டுக்கு 30,000 கோடி யூனிட் மின்சாரம் எடுப்பது திட்டம். தமிழ்நாடு ஓராண்டில் பயன்படுத்தும் மின்சாரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இது. செலவு 1.2 லட்சம் கோடி யுவான். கரியைக் குறைக்க வேண்டும், மின்சாரத்தையும் கூட்ட வேண்டும் என்ற உள்நாட்டு நெருக்கடிக்கு சீனா கண்டுபிடித்த பதில்களில் இதுவும் ஒன்று.

'அப்போ பிரம்மபுத்திரா வத்திப்போயிடுமா?' பலரும் கேட்கும் கேள்வி இது. அவ்வளவு சுலபத்தில் வற்றாது. அந்த ஆற்றில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி இந்தியாவுக்குள் பெய்யும் மழையிலிருந்தும் இந்தியத் துணையாறுகளிலிருந்தும்தான் வருகிறது. உண்மையான பயம் வேறு. எப்போது எவ்வளவு தண்ணீர் வரும் என்ற தகவல் யார் கையில் இருக்கிறது என்பதுதான் அது. 2000-ம் ஆண்டு திபெத்தில் நிலச்சரிவால் ஆறு அடைபட்டு, ஜூன் மாதம் அந்த அடைப்பு உடைந்தது. முன்னெச்சரிக்கை எதுவும் இல்லாமல் அருணாச்சலில் வெள்ளம் புகுந்து பலர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் 2002-ல் மழைக்கால நீர்வரத்துத் தகவல்களைப் பகிரும் ஒப்பந்தம் போடப்பட்டது.

அந்த ஒப்பந்தமும் உறவின் சூட்டைப் பொறுத்தே இயங்கியது. டோக்லாமில் இரு நாட்டுப் படைகளும் முறைத்துக்கொண்டு நின்ற 2017-ல் தகவல் வரவில்லை. அளவீட்டு நிலையத்தில் பராமரிப்பு வேலை நடக்கிறது என்பது சீனா சொன்ன காரணம். 2023-ல் ஒப்பந்தம் காலாவதியானது. 2025 ஆகஸ்ட்டில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ டெல்லி வந்தபோது, அவசர காலங்களில் 'மனிதாபிமான அடிப்படையில்' தகவல் தர ஒப்புக்கொண்டார்கள். மனிதாபிமானம் நல்ல வார்த்தைதான். ஆனால் அதில் கடமை என்று எதுவும் இல்லை.

புகையிலிருந்து பிறந்த ராஜதந்திரம்

2008-ல் பெய்ஜிங்கில் உள்ள அமெரிக்கத் தூதரகம் கூரையில் ஒரு கருவியைப் பொருத்தி, காற்றில் உள்ள நுண்துகள் அளவை மணிக்கு ஒருமுறை ட்விட்டரில் போட ஆரம்பித்தது. அரசு சொல்லும் கணக்குக்கும் தூதரகக் கணக்குக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. 'உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாதீர்கள்' என்று 2012-ல் சீனா கண்டித்தது. 2013 ஜனவரியில் பெய்ஜிங்கைப் புகை மூடியபோது மறைக்க எதுவும் மிச்சமில்லை. முகக்கவசம் போட்டுக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் நடுத்தர வர்க்கம்தான் கட்சிக்குப் புதிய தலைவலி. 2014 மார்ச்சில் பிரதமர் லி கெச்சியாங் 'மாசுக்கு எதிரான போர்' என்று அறிவித்தார்.

அதே 2014 நவம்பரில் இன்னொரு ஆச்சரியம். 2009 கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் முட்டுக்கட்டை போட்டதாகப் பழி சுமந்த சீனா, ஒபாமாவை அருகில் வைத்துக்கொண்டு, '2030 வாக்கில் எங்கள் கரியமில உமிழ்வு உச்சம் தொட்டு இறங்கும்' என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு பாரிஸ் ஒப்பந்தம் சாத்தியமானதற்கு அது முக்கியக் காரணம். ஐந்து ஆண்டுகளில் சீனாவின் மனம் பசுமையாகிவிட்டதா? அப்படியில்லை. நிலக்கரியைக் குறைப்பது பெய்ஜிங் மக்களின் மூச்சுக்கும் தேவைப்பட்டது, உலக அரங்கில் நற்பெயருக்கும் உதவியது. பெட்ரோல், டீசலில் இன்னொரு கணக்கும் உண்டு. தேவையான கச்சா எண்ணெயில் 70 சதவிகிதத்துக்கும் மேல் இறக்குமதி; அதில் பெரும்பகுதி மலாக்கா நீரிணை வழியாக வர வேண்டும். அந்த வழியை யாராவது அடைத்தால்? மின்சார கார் அந்தப் பயத்துக்கும் மருந்து.

பெய்ஜிங்கின் ஆண்டு சராசரி நுண்துகள் அளவு 2013-ல் ஒரு கனமீட்டருக்கு 89.5 மைக்ரோகிராம், 2024-ல் 30.5. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 என்ற அளவைவிட இன்னும் மிக அதிகம்தான். என்றாலும் டெல்லிவாசிகள் பெருமூச்சு விடும் முன்னேற்றம்.

உள்ளூர்ப் புகையை விரட்டக் கட்டிய ஆலைகள் இப்போது உலகுக்கே சப்ளை செய்கின்றன. சோலார் பேனல் உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவிகிதத்துக்கும் மேல் சீனாவின் கையில் இருக்கிறது. மின்வெட்டிலும் கட்டண உயர்விலும் தவித்த பாகிஸ்தான், 2024-ல் மட்டும் சுமார் 17 ஜிகாவாட் சீன பேனல்களை இறக்கியது. இன்னொரு பக்கம், சீன மின்சார கார்கள் மீது 2024-ல் அமெரிக்கா 100 சதவிகித வரி போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 35.3 சதவிகிதம் வரை கூடுதல் வரி போட்டது. ஒரே சரக்கு ஒரு நாட்டில் நட்பையும் இன்னொரு நாட்டில் பகையையும் வளர்க்கிறது.

இதிலும் முரண்பாடு உண்டு. 2021-ல் 'வெளிநாடுகளில் இனி புதிய நிலக்கரி மின்நிலையம் கட்ட மாட்டோம்' என்றார் ஷி. உள்நாட்டில் அந்த விதி இல்லை. 2024-ல் மட்டும் 90 ஜிகாவாட்டுக்கும் மேல் புதிய நிலக்கரி மின்நிலையக் கட்டுமானம் தொடங்கியது.

அழுக்கு யாருக்கு, ஆதாயம் யாருக்கு?

அரிய மண் தனிமங்கள் பெயரளவுக்குத்தான் அரியவை. பல நாடுகளின் மண்ணில் இருக்கின்றன. ஆனால் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும், கதிரியக்கக் கழிவு மிஞ்சும். 'இந்தத் தொல்லை எங்களுக்கு வேண்டாம்' என்று மற்ற நாடுகள் ஒதுங்கியபோது சீனா அதை ஏற்றுக்கொண்டது. உள் மங்கோலியாவின் பாவ்டோவும் ஜியாங்சி மாகாணத்தின் கான்சோவும் விஷக் குட்டைகளாக அதற்கு விலை கொடுத்தன. பதிலுக்கு, உலகின் சுத்திகரிப்புத் திறனில் சுமார் 90 சதவிகிதம் சீனாவுக்குக் கிடைத்தது.

பிறகு சீனா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் மூன்றும் 2012-ல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. சீனாவின் வாதம் என்ன தெரியுமா? 'சுற்றுச்சூழலைக் காப்பாற்றத்தான் கட்டுப்பாடு!' அந்த வாதம் எடுபடவில்லை. 2014-ல் சீனா தோற்றது. உள்நாட்டில் மாசு இருந்தது நிஜம். ஆனால் வெளிநாட்டுக்கு விற்பதை மட்டும் குறைத்தால் மாசு எப்படிக் குறையும் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

உள்நாட்டில் விதிகள் இறுகியதும் சுரங்க வேலையில் ஒரு பகுதி எல்லை தாண்டி மியான்மரின் கச்சின் மாநிலத்துக்குப் போனது. இன்று சீன ஆலைகளுக்கு வரும் கனரக அரிய மண்ணில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. 2024 அக்டோபரில் அந்தச் சுரங்கப் பகுதியைக் கச்சின் விடுதலைப் படை பிடித்ததும், ஒரு கிளர்ச்சிக் குழுவுடன் பேரம் பேச வேண்டிய நிலை சீனாவுக்கு வந்தது.

குப்பையிலும் இதே கதைதான். உலகின் பிளாஸ்டிக் கழிவைப் பல ஆண்டுகள் வாங்கிக்கொண்டிருந்த சீனா, 2018-ல் கதவைச் சாத்தியது. கப்பல்கள் மலேசியா, வியட்நாம், தாய்லாந்து பக்கம் திரும்பின. 2019-ல் மலேசியா பணக்கார நாடுகளுக்குக் கன்டெய்னர்களைத் திருப்பி அனுப்பியது. அழுக்கு மறையவில்லை, அதன் முகவரிதான் மாறியது.

நமக்கு என்ன பாடம்?

2025 ஏப்ரல் கட்டுப்பாட்டின் சூடு ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் வரை வந்தது. நாட்டின் முக்கிய மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் பல இங்கேதான் இருக்கின்றன. காந்தம் இல்லாமல் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லாமல் வண்டி இல்லை. அதே ஆண்டு நவம்பரில், உள்நாட்டிலேயே காந்தம் தயாரிக்க ரூ.7,280 கோடித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

மூலப்பொருள் எங்கே? அதில் ஒரு பங்கு கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை மணலில் இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் பொதுத்துறை ஆலை பல ஆண்டுகளாக இயங்குகிறது. கிள்ளியூர் வட்டாரத்தில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்தை மீனவ கிராமங்கள் கதிரியக்க அச்சத்தால் எதிர்க்கின்றன. பிரம்மபுத்திராவிலும் இதே நிலைதான். மெடோக்குக்குப் பதிலாக அருணாச்சலின் சியாங் ஆற்றில் சுமார் 11,000 மெகாவாட் அணை கட்ட இந்தியா திட்டமிடுகிறது. அதனால் மூழ்கப்போவது ஆதி பழங்குடி மக்களின் வயலும் வீடும். அவர்கள் பல ஆண்டுகளாக அதை எதிர்த்துவருகிறார்கள்.

சீனாவைச் சார்ந்திருக்கக் கூடாது என்பது சரியான இலக்கு. ஆனால் பாவ்டோ கொடுத்த விலையைக் கன்னியாகுமரி கொடுக்க வேண்டுமா, மெடோக்கின் பாரத்தை சியாங் கரை சுமக்க வேண்டுமா என்ற கேள்விகளை நாம்தான் கேட்டாக வேண்டும். அவற்றை பெய்ஜிங் கேட்காது.

அடுத்த சில ஆண்டுகளில் மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும். பிரம்மபுத்திரா தகவல் ஒப்பந்தம் எழுத்துபூர்வமாகப் புதுப்பிக்கப்படுகிறதா? இந்தியக் காந்த ஆலைகள் கழிவை என்ன செய்யப்போகின்றன என்பது வெளிப்படையாகச் சொல்லப்படுகிறதா? சியாங் கரையிலும் கிள்ளியூரிலும் மக்களின் சம்மதம் கேட்கப்படுகிறதா? இந்தியா இனி எந்த மாதிரி வல்லரசாகப்போகிறது என்பதும் இந்த மூன்று பதில்களில் தெரிந்துவிடும்.